அவன் கிறுகும் பக்கம்

எட்டுப் பருவம்
இன்சாபின் இடது காலுக்கு
நான்தான் காவல்.

முதல் நாள் எங்கள் இருவருக்கும் பதினைந்து.
காரைதீவு மைதானம். கச்சான் காற்று.
கண்ணிமைக்குள் மணல்.
சாய்ந்தமருதிலிருந்து வந்த லொறியில்
கடைசியாய்க் குதித்தவன்,
அண்ணன்ட ஜேசி முழங்காலில் இடற.
"இவனை நீ பிடி" என்றார் கோச்.
சிரித்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நிமிடம் அவன் கிறுகினான்.
நான் கிறுகி முடிக்கையில்
வலைக்குப் பின்னால் படுத்திருந்த மாடொன்று
திடுக்கிட்டு எழும்பியது.

உள்ளே போய் ஓட்டையால் வெளியே வந்ததா,
கம்பத்துக்கு வெளியாலேயே போனதா?
ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார்.
கோல் என்று கையை உயர்த்தியவன் நான்.
எங்கட பொடியன்கள்
மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை.

பிறகு அவனைப் படித்தேன்.
பத்தாம் ஆண்டுக் கணக்கை அப்படிப் படிக்கவில்லை.
இடப்பக்கம் வெட்டுமுன்
வலது தோள் ஒரு நூல் சரியும்.
பெனால்டிக்கு முன் குனிந்து
அவிழாத நாடாவைத் தொடுவான்.
நோன்பு மாதத்தில் பிற்பாதி முழுதும் நடப்பான்,
கடைசிப் பத்து நிமிடத்துக்கு
எங்கிருந்து எடுப்பானோ அந்த ஓட்டத்தை.
எல்லாம் தெரிந்தும்
பத்துக்கு நாலுதான் தடுத்தேன்.
அந்த நாலையும் திகதியோடு சொல்வேன்.

மாவட்ட அணிக்கு இருவரையும் எடுத்தார்கள்.
ஒரே நிற ஜேசி,
அவனுக்கு முன்னால் வெறும் புல்வெளி,
பின்னால் நான்.
காவல் காக்க யாரும் இல்லாத அந்த ஐந்து ஆட்டங்களில்
என் கைகால் எனக்கே அந்நியம்.
மாகாணத் தெரிவில் அவன் பெயர் இருந்தது.
என்னுடையது இருக்க வேண்டிய இடத்தில்
மூதூர்ப் பொடியன் ஒருவன். நல்ல ஆட்டக்காரன்தான்.

கொழும்புக் கிளப் ஒன்று கூட்டிப்போனது.
பதினொரு ஆட்டம் வாங்கில்,
மூன்று முறை மாற்று வீரனாய்,
எல்லாமாய் நாற்பத்தொரு நிமிடம்.
பத்திரிகை ஒருமுறை பெயர் போட்டது:
இன்சார்.
"மச்சான், இங்க நல்ல புல்லு இரிக்கி,
என்ட காலுக்குத்தான் நம்பிக்கை இல்ல"
என்றான் போனில்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
மழை பெய்யுதா என்று கேட்டேன்.

அடுத்த வருஷம் ஊருக்கே வந்து
எங்களுக்கு எதிராய் இறங்கினான்.
எழுபதாம் நிமிடம்.
தோள் சரிந்தது, எனக்குத் தெரிந்தது,
ஒரு எட்டு பின்வாங்கி நின்றேன்.
அவன் கிறுகினான்.
முழங்கால் கிறுகவில்லை.

ஈரத் தடி முறிவதுபோல் ஒரு சத்தம்.
அரை நிமிடத்தில் கோட்டைத் தாண்டி
இரண்டு ஊரும் உள்ளே வந்துவிட்டது.
என் கொலரில் யாருடைய கையோ.
மணலில் கிடந்தவன் கையை உயர்த்தினான்:
"அவன் தொடல்ல. விடுங்க. தொடல்ல."

கல்முனை ஆஸ்பத்திரியில்
பிஸ்கட் பெட்டியோடு போய் நின்றேன்.
முழங்கால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்,
பரீட்சை முடிவு காட்டுவதுபோல.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
மறுகா கேட்டான்:
"அந்த மொத மேட்ச்,
அது உள்ளதான் போனதா?"

நான் காணவில்லை, மச்சான்.
மாடு எழும்பினதைத்தான் கண்டேன்.

அவனுக்கும் தெரியாதாம்.
கட்டில் கிறீச்சிட, மாக்கட்டு ஆட,
பக்கத்துக் கட்டில்காரர் ஏச ஏச
சிரித்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம்,
ஆறு பேர் ஒரு பக்கம், வலை கிடையாது.
இடது பக்கம் அவன் கிறுகுவதே இல்லை.
நான் இன்னமும்
அந்தப் பக்கத்தையே மறித்து நிற்கிறேன்.
அது அவனுக்குத் தெரியும்.
திறந்து கிடக்கும் மற்றப் பக்கத்தால்
மெல்ல,
நடந்தே போகிறான், கள்ளன்.